காலிப்பர் பெயிண்ட் ஏன் நிற்கவில்லை? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்தான் காலிப்பர். அந்த நான்கு காலிப்பரையும் ஒரே நாளில், ஒரே டப்பாவிலிருந்து, நீங்களேதான் பூசினீர்கள். இரண்டு மாதம் கழித்துச் சக்கரத்தின் இடைவெளி வழியே எட்டிப் பார்த்தால் மூன்று அப்படியே சிவப்பாக இருக்கின்றன, ஒன்று மட்டும் ஈரல் நிறத்துக்குப் போயிருக்கிறது. பெயிண்ட் கம்பெனியைத் திட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பெயிண்ட் மோசம் என்றால் நான்கும் சேர்ந்தல்லவா கெட்டிருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நான்கிலும் ஒரே மாதிரி கோளாறு என்றால் பெயிண்ட், கலவை, அன்றைய வானிலை, அல்லது உங்கள் அவசரம். ஒரே ஒரு காலிப்பரில் என்றால் அந்தச் சக்கரத்தின் பிரேக்கைச் சந்தேகப்படுங்கள். ஒரு காலிப்பரில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்றால் அந்த இடம் சரியாகத் துடைக்கப்படவில்லை, இல்லையேல் அங்கே எதுவோ கசிகிறது. சுரண்டுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சுரண்டிய பிறகு சாட்சி இருக்காது.

சோதிக்கப் போகும்போது வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம். டிஸ்க்கை உராய்ந்து நிறுத்தும் பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. புதியவற்றின் தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுங்கள்.

அழகைப் பற்றிய கோளாறுகளுக்கு அப்புறம் வருவோம். பெயிண்ட் அடித்த பிறகு பிரேக்கே வேறு மாதிரி நடந்துகொண்டால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பெடல் தரைவரை போகிறது

காலிப்பரைக் கழற்றும்போது, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். திரும்ப மாட்டியதும் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். வண்டியை நகர்த்தும் முன், நின்ற நிலையிலேயே பெடலைப் பலமுறை மெதுவாக மிதியுங்கள். கெட்டியாகி, அழுத்திப் பிடித்தால் அப்படியே நின்றால் சரி. பஞ்சு போலவே இருந்தால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது. காலிப்பருக்குப் பிரேக் ஆயில் கொண்டுவரும் ஹோஸைக் கழற்றியவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது வரும். அந்தக் காற்றை வெளியே எடுக்காமல் ஓட்டக் கூடாது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் பெயிண்டை மறந்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

காலிப்பர் டிஸ்க்கை விட்டு வெளியே தொங்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் வெளியே வந்து விழும். அப்படித் தொங்கவிடும்போது எடை ஹோஸில் விழாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டி வையுங்கள்.

கிறீச் சத்தம், அல்லது சக்கரம் லேசாகச் சுற்றவில்லை

என் முதல் முயற்சியில் நடந்தது இதுதான். பேடின் இரண்டு காதுகளும் உட்கார்ந்து முன்னும் பின்னும் நகரும் பள்ளத்தில் டேப் ஒட்ட மறந்துவிட்டேன். எபாக்ஸி பெயிண்ட் அங்கே அழகாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பள்ளத்தில் பேடுக்கு இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். இரண்டு கோட் பெயிண்ட் அதை விழுங்கிவிடும். பேட் உள்ளே போகும், திரும்பி வராது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை.

சரிசெய்வது எளிது. பேடை வெளியே எடுத்து, கிளிப் இருந்தால் அதையும் கழற்றி, பள்ளத்தில் இருக்கும் பெயிண்டைச் சிறு அரத்தால் உலோகம் தெரியும்வரை எடுங்கள். உலோகத்தையே அராவிவிட வேண்டாம். பேட் விரல் அழுத்தத்தில் நகர வேண்டும். பிறகு பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள்.

காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் ஸ்லைடு பின்களையும் இழுத்துப் பாருங்கள். பின்னிலோ அது போகும் துளையிலோ பெயிண்ட் இறங்கியிருந்தால் காலிப்பர் நகராது. அதில் சாதாரண பெட்ரோலிய கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போகும். சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும்.

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையில் பெயிண்ட் பட்டிருந்தால் தின்னர் தொட்டுத் துடைக்காதீர்கள். பெயிண்டோடு ரப்பரும் போய்விடும். காய்ந்த பிறகு நகத்தால் மெல்ல உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும். உறை கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கிழிசல் வழியே தண்ணீர் போனால் பிஸ்டன் துருப்பிடிக்கும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, அந்தச் சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டுக் கையால் சுற்றுங்கள். ஒருவரைப் பெடலை மிதித்து விடச் சொல்லி மறுபடி சுற்றுங்கள். லேசாக உரசும் சத்தம் இருக்கலாம். இரண்டாம் முறை இறுகினால் வேலை இன்னும் முடியவில்லை. இன்ஜினோடு இணைந்த சக்கரமாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் கனம் தெரியும். அதை இறுக்கம் என்று நினைத்து மிரள வேண்டாம்.

முதல் ஓட்டத்தில் புகை, வாடை

நான்கு சக்கரத்திலும் லேசான பெயிண்ட் வாடை சிறிது நேரம் வந்து அடங்கினால் அது புதுப் பெயிண்ட் சூட்டில் காய்வது. டிஸ்க்கில் ஸ்பிரே தூறல் விழுந்திருந்தாலும் புகை வரும். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் பலமுறை பிரேக் போட்டுப் பாருங்கள். பேடின் உராயும் பரப்பே பெயிண்டிலோ எண்ணெயிலோ ஊறியிருந்தால் தேய்த்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், ஜோடியாக மாற்றிவிடுங்கள். ஒரே சக்கரத்தில் மட்டும் புகை என்றால் பெரும்பாலும் மேலே சொன்ன இறுக்கம்தான் காரணம்.

வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது

காலிப்பரோடு டிஸ்க்கின் நடுப்பகுதியையும் சேர்த்துப் பூசினீர்களா? சக்கரம் வந்து ஒட்டும் முகத்தில் பெயிண்ட் தடிமனாகவோ ஒருபக்கம் சாய்ந்தோ இருந்தால் சக்கரம் நேராக உட்காராது. சூட்டில் அந்தப் பெயிண்ட் நசுங்கினால் வீல் நட்டும் தளரும். அந்த முகத்தைச் சுத்தமாகச் சுரண்டி, நட்டுகளை நட்சத்திர வரிசையில், வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை சோதியுங்கள்.

சரி, ஆபத்தானவை முடிந்தன. இனிப் பெயிண்டின் கதை.

பூசும்போதே குழிகுழியாக விலகுகிறது

பெயிண்ட் ஓர் இடத்தில் நிற்காமல் வட்டமாக ஒதுங்கி, நடுவில் உலோகம் மீன்கண் மாதிரி எட்டிப் பார்த்தால் அடியில் எண்ணெயோ சிலிகானோ இருக்கிறது. சிலிகான் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், டயருக்குப் பளபளப்பு ஏற்றும் ஸ்பிரே நினைவுக்கு வரும். அதன் தூறல் காலிப்பரிலும் படிந்திருக்கும். மேலும் மேலும் பூசி மூடப் பார்த்தால் குழி பெரிதாகும். உடனே நிறுத்தி, ஈரமாக இருக்கும்போதே எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

சுத்தம் போதுமா என்று பார்க்க வெள்ளைத் துணி வேண்டும். பழைய பனியன் துணி நல்லது. பிரேக் கிளீனரில் நனைத்துத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். மூன்றாம் முறை சாம்பல் நிறத்தில் வந்தால் நான்காம் முறை துடையுங்கள். வழவழப்பான அலுமினியக் காலிப்பரில் தண்ணீர் தெளித்தும் பார்க்கலாம். தண்ணீர் ஏடாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு. வார்ப்பிரும்பில் இதைச் செய்தால் உடனே காயவைத்துவிட வேண்டும். கண்முன்னே துரு படரும்.

சுருங்கித் தோல் போல ஆகிறது

இரண்டாவது கோட் போட்ட சில நிமிடங்களில், முதல் கோட் பாலாடை மாதிரி சுருங்கும். மேல் கோட்டின் கரைப்பான் பாதி காய்ந்த கீழ்க் கோட்டை ஊதவைக்கிறது. அதனால்தான் பல ஸ்பிரே கேன்களில், அடுத்த கோட்டை இவ்வளவு நேரத்துக்குள் போடு, தவறினால் இத்தனை நாள் பொறு என்று எழுதியிருக்கும். நடுவில் இருக்கும் அந்த நேரம்தான் ஆபத்து. பொடி எழுத்தில் இருக்கிறது என்று படிக்காமல் விடுகிறோம். வேறு கம்பெனியின் பிரைமர் மேல் இந்தப் பெயிண்டைப் போட்டாலும் இதே கதை நடக்கலாம். சுருங்கிய பெயிண்டை முழுக்கக் காயவிட்டு, உப்புத்தாளால் சமமாகத் தேய்த்து எடுத்த பிறகே மேலே பூச முடியும். ஈரத்தில் தேய்த்தால் கூழாகும்.

ஒழுகல், மணல், பால் மங்கல், பிரஷ் கோடு

ஒழுகல் என்றால் கேன் மிக அருகில், அல்லது கை மிக மெதுவாக. மணல் தடவியது போலச் சொரசொரப்பு என்றால் கேன் மிகத் தூரத்தில். துளிகள் வரும் வழியிலேயே காய்ந்துவிட்டன. இரண்டையும் காய்ந்த பின் தேய்த்துவிட்டு மெல்லிய கோட் ஒன்று போட்டால் போதும். பளபளப்பு போய்ப் பாலூற்றியது போல மங்கினால் காற்றில் ஈரம் அதிகம். மழை நாளில் பூசியிருப்பீர்கள். பிரஷ் கோட்டை இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். அப்போதும் தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது

ஸ்பிரே என்றால் கோட் தடிமன். வெயிலோ காற்றோட்டமோ கிடைத்தால் இன்னும் சில நாளில் காயும்.

இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் எபாக்ஸி என்றால் விஷயம் வேறு. அது காற்றில் காய்வதில்லை. ஹார்டனரோடு வினைபுரிந்து இறுகுகிறது. கண்ணளவில் ஊற்றினாலோ, டப்பாவின் அடியில் தங்கிய வண்டலைக் கிளறாமல் விட்டாலோ, பாதி மூலப்பொருளுக்கு ஜோடி கிடைக்காது. அது எத்தனை மாதம் வைத்தாலும் இறுகாது. மேலே ஹார்டனரைத் தடவினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. அடிவரை கலக்க வழியில்லை. சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு மார்க்கம் கிடையாது.

கலவை சரி, ஆனால் அன்று கடும் குளிர் என்றால் நம்பிக்கை உண்டு. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல எபாக்ஸிகள் ஏறக்குறையத் தூங்கிவிடும். சூடான இடத்துக்குக் கொண்டுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கலவையில் கொஞ்சத்தை ஓர் அட்டைத் துண்டில் தடவி வைத்துக்கொள்வது என் வழக்கம். காலிப்பரைத் தொட்டுத் தொட்டுக் கைரேகை பதிப்பதைவிட அட்டையைத் தொட்டுப் பார்ப்பது மேல்.

குமிழ் குமிழாகப் பொரிகிறது

குமிழை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே பழுப்புப் பொடி இருந்தால் துருவின் மேல் பூசியிருக்கிறீர்கள். துரு அடியில் வளர்ந்து பெயிண்டைத் தூக்குகிறது. அந்த இடத்தைக் கம்பி பிரஷால் உலோகம்வரை தேய்த்தாக வேண்டும்.

உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பளபளப்பான குழி என்றால் கரைப்பான் மாட்டிக்கொண்டது. மேல் தோல் காய்ந்தபின் உள்ளே இருந்த கரைப்பான் சூட்டில் ஆவியாகி வெளியேற வழியின்றி ஊதியிருக்கிறது. பூசிய அன்றே வண்டியை ஓட்டியவர்களுக்கும் ஹீட் கன் வைத்து அவசரப்படுத்தியவர்களுக்கும் இது வரும். போல்ட் துளைகளிலும் இடுக்குகளிலும் தேங்கிய பிரேக் கிளீனரும் இதைச் செய்யும்.

ஹீட் கன் என்றதும் ஒரு எச்சரிக்கை. பிரேக் கிளீனர்களில் பல எளிதில் தீப்பற்றும். குளோரின் கலந்த வகை தீப்பற்றாது. ஆனால் கடும் சூடு பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். எந்த வகையானாலும் முற்றிலும் உலர்ந்த பிறகே சூட்டை அருகில் கொண்டுவர வேண்டும்.

ஏடு ஏடாக உரிகிறது

உரிந்த துண்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்புத் தூசி ஒட்டியிருந்தால் தூசியின் மேல் பூசியிருக்கிறீர்கள். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தால் உலோகம் அளவுக்கு மீறி வழவழப்பு. துத்தநாக முலாம் பூசிய காலிப்பர், ஆனோடைஸ் செய்த அலுமினியம், பளபளப்பான பழைய பெயிண்ட் இவற்றில் எதுவும் சும்மா ஒட்டாது. 120 முதல் 180 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். வெறும் அலுமினியத்துக்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் உதவும். ஆனால் நீங்கள் வாங்கிய காலிப்பர் பெயிண்ட் அதை ஏற்குமா, அது சூட்டைத் தாங்குமா என்று டப்பாவைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

நிப்பிளுக்குக் கீழே மட்டும் சொறி மாதிரி

காற்று எடுக்கும் நிப்பிளுக்குக் கீழேயோ, ஹோஸ் வந்து சேரும் போல்ட்டுக்குக் கீழேயோ பெயிண்ட் மென்மையாகி வழிந்தால் அது பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், டாட் 3, டாட் 4 வகைகள் இரண்டும் கிளைக்கால் சார்ந்த திரவங்கள், பெயிண்டைக் கரைக்கக்கூடியவை. அண்மையில் ஆயில் மாற்றியபோது சிந்தியதாக இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே போகும். கிளைக்கால் தண்ணீரில் கரையும். ஆயில் மாற்றவே இல்லை, ஆனாலும் ஈரம் என்றால் கசிவு. அதைச் சரிசெய்யாமல் திரும்பப் பூசுவது வீண், ஆபத்தும்கூட.

நிறம் மாறுகிறது

நான்கும் ஒரே மாதிரி பழுப்பானால் சூடு தாங்காத பெயிண்ட். கதவு கேட்டுக்கு வாங்கிய எனாமலையோ ரிம் ஸ்பிரேயையோ அடித்திருப்பீர்கள். மேலே அடித்த கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) மஞ்சளிப்பதும் இந்த வகைதான். சூட்டுக்கென்று சொல்லாத கிளியரை இங்கே போடாமல் இருப்பதே நல்லது. பளபளப்பு மட்டும் போய் வெளுத்திருந்தால் சக்கரம் கழுவும் அமிலத் திரவத்தைச் சந்தேகியுங்கள்.

ஒன்று மட்டும் கருத்தால்? தொடக்கத்தில் சொன்ன ஈரல் நிறம். இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் இழுத்துப் பழசானபின் அந்த அளவு 140, 155 என்று இறங்கிவிடும். காலிப்பருக்கென்று விற்கும் பெயிண்ட்களோ பொதுவாக 200 டிகிரிக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டவை. அந்தப் பெயிண்டே கருகியிருக்கிறது என்றால், அதே இரும்புக்குள் இருக்கும் ஆயில் எந்த நிலையில் இருக்கும்? ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அழுந்தும், பிரேக் பிடிக்காது. இது பெயிண்ட் கோளாறு இல்லை, பெயிண்ட் காட்டிக்கொடுத்த கோளாறு.

உறுதிப்படுத்த, பிரேக்கை அதிகம் தொடாமல் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் இடது, வலது காலிப்பர்களின் பெயிண்ட் அடித்த பரப்பைக் குறிபாருங்கள். மினுக்கும் வெறும் உலோகத்தில் அந்தக் கருவி தப்பாகக் காட்டும். பெயிண்டில் நன்றாகவே காட்டும். ஒரே அச்சின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மிக அதிகம் என்றால் அங்கே பேட் விடவில்லை.

அப்புறம் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால், நிப்பிளில் குழாய் மாட்டி அதை ஒரு பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கொஞ்சம் திறங்கள். திறந்ததும் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் சிறைபட்டிருந்தது. உட்புறம் ஊதி அடைத்துக்கொண்ட பழைய ஹோஸ் இதற்குப் பெயர்போனது. திறந்தும் விடவில்லை என்றால் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. பின்சக்கரம் என்றால் கைப்பிரேக் கேபிளையும் பாருங்கள். நிப்பிளை மூடியபின் காற்று இல்லை என்று பெடலில் உறுதிசெய்ய மறக்க வேண்டாம். நிப்பிளின் தலையைப் பெயிண்ட் மூடியிருந்தால் முதலில் அதைச் சுரண்டிவிட்டு ஸ்பேனர் போடுங்கள். பெயிண்டின் மேல் ஸ்பேனர் சரியாக உட்காராமல் முனை மழுங்கிவிடும்.

பின் காலிப்பரில் மின்சாரப் பார்க்கிங் பிரேக் இருக்கும் வண்டிகளில் பிஸ்டனைப் பலத்தால் தள்ளாதீர்கள். சர்வீஸ் நிலைக்குப் போகாமல் தள்ளினால் மோட்டார் பொறியமைப்பு கெடும். கேபிள் வகைகளில் பலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

வட்டமாக ஒரு கீறல்

காலிப்பரின் வெளிமுகத்தில் வில் போல ஒரே கோடு விழுந்திருந்தால் ரிம்மின் உள்ளே ஒட்டிய பேலன்ஸ் எடை உரசுகிறது. எடையை வேறு இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறியிருந்தால் கல் பட்டது.

தொட்டுப் பூசுவதா, மொத்தமாக எடுப்பதா?

கெட்ட இடத்துக்குப் பக்கத்தில், நன்றாக இருப்பதாகத் தோன்றும் பெயிண்டில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் போடுங்கள். அதன் மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிடுங்குங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பூச வேண்டியதுதான். கட்டங்கள் நின்றால் கெட்ட இடத்தை மட்டும் ஓரம் சரிவாகத் தேய்த்து, சிறு பிரஷால் தொட்டுவிடலாம்.

மொத்தமாக எடுக்கப் பெயிண்ட் ரிமூவர் வாங்கினால் ரப்பர் உறைகளிலும் ஹோஸிலும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. காஸ்டிக் கலந்த வகை அலுமினியத்தையே அரிக்கும். காலிப்பரைக் கழற்றாமல் வண்டியிலேயே வைத்துச் செய்பவர்களுக்கு நான் ரிமூவரைச் சொல்ல மாட்டேன். கம்பி பிரஷும் உப்புத்தாளும்தான். கை வலிக்கும், ஒரு முழு நாள் போகும், ஆனால் ரப்பர் பிழைக்கும்.